தரைக்கு ஆகாதவர்கள்

ஊசிலாம்பாளையத்தை நகரத்தோடு சேர்த்த சித்திரை மாதத்தில், அந்த ஊர்க்காரர்கள் புதுத்துணி எடுத்து உடுத்திக்கொண்டு, தங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருந்த மஞ்சள் பலகையைத் தாங்களே கடப்பாரை போட்டுப் பிடுங்கி, செத்த பாம்பைத் தூக்குவதுபோல ஒரு கழியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வந்து ஓடையில் எறிந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் கரட்டூரில் நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைச் சேர்க்கவில்லை. ஒரே மழையில் நனைந்து, ஒரே கோயிலில் கெடா வெட்டி, மாறி மாறிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊர்களில் ஒன்று மட்டும் நகரம் ஆனது. அவர்கள் பலகையை எறிந்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையை, எங்கள் ஊரில் பிறந்த யாரும் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் சென்னியப்பன். அந்த ஊரின் கடைசித் தலைவன். வருஷக்கணக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கும்பிடக் கூடாதவர்களையெல்லாம் கும்பிட்டு, தன் ஊரை நகரத்தின் மடியில் கொண்டுபோய்ப் போட்டவன். அவன் வீட்டின் பின்சுவருக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் ஒரு கொட்டகை போட்டு, எருமைகளை வைத்துக்கொண்டு அவனுடைய அக்கா மாராத்தாள் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு மாசத்தில் திரும்பி வந்தவள். பால் ஊற்றிப் பிழைத்தாள். அவள் வாயைப் பற்றி எங்கள் ஊரில் சொல்லும்போது, பால் திரியாமல் இருப்பதே பெரிய காரியம் என்பார்கள். நகரமாகப் போகிற ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் எருமைச் சாணி நாறக்கூடாது என்று சென்னியப்பன் நினைத்தான். அளக்க வந்தவர்களிடம் சொல்லி, ஓடையோடு போகவேண்டிய கோட்டைத் தன் பின்சுவரோடு வளைத்துவிட்டான்.

அளக்க வந்தவர்களில் ஒருவர் மட்டும் கொஞ்சம் மனசாட்சிக்காரர். கொட்டகையைக் காட்டி, "அங்க யாருங்க குடியிருக்கறது?" என்று கேட்டார்.

பதில் சொன்னது சென்னியப்பன் இல்லை. அவர்களுடைய அப்பா வேலப்பன். "அங்க யாரும் இல்லீங்க. அது எருமை கட்டற எடம்."

மாராத்தாள் சாணிக் கூடையோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "எருமைக்காவது பேரு இருக்குதுங்க. அதையாச்சும் எழுதிக்கிட்டுப் போங்க," என்றாள். எழுதவில்லை. அப்படித்தான் அவள் நகரத்துக்கு வெளியே, எங்கள் கரட்டூர்க் கணக்கில் வந்து விழுந்தாள். எங்களுக்கும் அவள் வேண்டாதவள்தான்.

பலகையை எறிந்த மறுநாள் காலையில் ஊசிலாம்பாளையத்தார் எழுந்து கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது கால் தரையில் படவில்லை. நாலு விரற்கடை உயரத்தில் நின்றது. முதலாளி கால், கூலிக்காரன் கால், நேற்றுப் பிறந்த பிள்ளையின் கால், எல்லாம் ஒரே நாலு விரற்கடை. கட்டில் அவர்களைத் தாங்கியது, நாற்காலி தாங்கியது, வண்டி தாங்கியது. தரை மட்டும் தாங்கவில்லை. வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள், பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவர்கள் காபி குடித்துவிட்டு வெளியே வந்து, ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்து, "ம், பின்ன?" என்று சொல்லிக்கொண்டார்கள். நகரத்துக்காரன் கால் மண்ணில் படுமா என்று அவர்களுக்கு எப்போதிருந்தோ ஒரு எண்ணம். அது நடந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. அதை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. நகரத்தில் பிறந்து வளர்ந்த ஜனங்கள் எல்லாரும் எங்களைப்போலவே தரையில்தான் நடந்தார்கள். சாக்கடைத் தண்ணீரில் செருப்பு நனைய, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கால் பிசகி, வெடித்த குதிகாலோடுதான் நடந்தார்கள். மிதந்தவர்கள் ஊசிலாம்பாளையத்தார் மட்டும்தான். கடைவீதிக்குப் போன அவர்கள் இதைப் பார்த்துவிட்டு வந்து, "அவங்கெல்லாம் பழைய நகரத்துக்காரங்க. பாவம், தரையிலயே கெடக்கறாங்க," என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் 'தரைக்காரன்' என்று பேர் வைத்தார்கள். "தரைக்காரன் வந்திருக்கறான், மோர் ஊத்தி அனுப்பு," என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார்கள், அந்த மோரும் பாதி தண்ணீராக இருந்தது.

மிதப்பதற்கென்று ஒரு வாழ்க்கையை அவர்கள் வெகு சீக்கிரம் உண்டாக்கிக்கொண்டார்கள். காலை ஊன்றாமல் மண்வெட்டி பிடிக்க முடியாது என்றானதும், காடுதோட்டத்தையெல்லாம் மனை பிரித்துக் கல் நட்டார்கள். அந்தக் கல்லை நடவும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். செருப்புத் தேயவே இல்லை என்பதால் மாப்பிள்ளைக்குக் கொடுத்த செருப்பைப் பேரனுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பெருமை பேசினார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பியபோதுதான் கொஞ்சம் கலங்கினார்கள். ஊன்ற இடமில்லாத உடம்பைக் காற்று தள்ளிக்கொண்டு போயிற்று. பால் வாங்க வந்த பெண்கள் சொம்போடு எங்கள் ஊர் வேலியில் வந்து சிக்கிக்கொண்டார்கள், கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் மொத்தமும் பட்டுச்சேலை சரசரக்க எங்கள் சோளக்காட்டில் வந்து நின்றது. நாங்கள் சிரித்தோம். அவர்கள் இடுப்பில் ஒரு கருங்கல்லைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அது உயரத்தைக் குறைக்கவில்லை, காற்றில் போகாமல் பிடித்துவைத்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அதற்கும் மெருகு வந்தது. பூ செதுக்கிய கல், பேர் வெட்டிய கல், மணப்பெண்ணுக்குச் சீராகச் சின்னஞ்சிறு பச்சைக் கல். கல்லைக் கட்டிக்கொண்டு அலைகிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. யார் கல் பெரியது என்பதில் இரண்டு வீடுகளுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

கிழவர் வேலப்பனுக்குத்தான் இதில் பெருமை அதிகம். தினமும் மத்தியானம் ஓடையைக் கடந்து எங்கள் ராக்கியண்ணன் டீக்கடைக்கு மிதந்து வருவார். எங்கள் மண்ணின் மேலும் அவர் அதே நாலு விரற்கடையில்தான் இருப்பார். பெஞ்சில் உட்கார இடம் இருந்தாலும் உட்காரமாட்டார், எல்லார் கண்ணிலும் படும்படி நின்றுகொண்டே டீ குடிப்பார்.

"எப்படி இருக்குதுங்க மேல?" என்று ராக்கியண்ணன் வேண்டுமென்றே கேட்பான்.

"காத்து நல்லா வருதப்பா," என்பார் கிழவர்.

வரும் வழியிலும் போகும் வழியிலும் மகளின் கொட்டகையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். மாராத்தாள் அவர் காதில் விழும்படியாக எருமையிடம் பேசுவாள். "ஏண்டி வெள்ளச்சி, உன்ற காலு மண்ணுல இருக்குதா? இருக்குதில்ல? அதனாலதான் உனக்குப் பால் சொரக்குது. அந்தப் பக்கம் ஒண்ணு போவுது பாரு, அதக் கறந்தா காத்துதான் வரும்." கிழவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். ஆனாலும் நகரத்துக்காரர் தரைக்காரியோடு வாய் கொடுப்பாரா?

புரட்டாசி பாதியில் ஒரு காலை வேலப்பன் செத்துப்போனார். வயதான சாவுதான், சிரமப்படவில்லை. நகரத்தோடு சேர்ந்த பிறகு அந்த ஊரில் விழுந்த முதல் சாவு அது. அதனால் சென்னியப்பன் அதை ஒரு விழாவாகவே செய்தான். பேண்டு வாத்தியம் வந்தது, கட்சிக்காரர்கள் மாலைகளோடு வந்தார்கள், உறவுமுறைகள் கார் பிடித்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் எரிக்கிற வழக்கமில்லை, புதைப்பதுதான். குழி வெட்ட அவர்களால் ஆகாது என்பதால் கரட்டூரிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அந்த ஊர்க்காரர்கள் சுற்றிலும் மிதந்து நின்று, "இன்னும் கொஞ்சம் ஆழம், இன்னும் கொஞ்சம் ஆழம்," என்று சொல்லிக்கொண்டிருக்க, நாங்கள் வெட்டினோம்.

கயிறு கொடுத்துக் கிழவரை இறக்கினோம். குழியின் அடிமண்ணுக்கு நாலு விரற்கடை மேலே வந்து நின்றுவிட்டார்.

கயிற்றைத் தளர்த்தினோம். அப்படியே நின்றார். ஒருவன் உள்ளே இறங்கித் தோளைப் பிடித்து அமுக்கினான், அசையவில்லை. சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மண்ணத் தள்ளுங்க. மண்ணுப் பாரத்துல தானா எறங்கும்," என்றான். தள்ளினோம். மண் அவர் மேல் தங்கவில்லை. இரண்டு பக்கமும் சரிந்து அவருக்கு அடியில் போய் நிரம்பியது. அடியில் மண் ஏற ஏற அவரும் ஏறினார். நாங்கள் கூடை கூடையாகக் கொட்ட, அவர் மாலையோடும் நெற்றிக் காசோடும் மெல்ல மெல்ல மேலே வந்து, கடைசியில் குழி மூடி மேடு கட்டியானபோது, மேட்டுக்கு நாலு விரற்கடை மேலே வெயிலில் மல்லாந்து கிடந்தார்.

பேண்டு வாத்தியம் நின்றது. ஒரு பெண்பிள்ளை மட்டும் ஒப்பாரியை நிறுத்தத் தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் எல்லாம் செய்து பார்த்தார்கள். குழியைத் திரும்ப வெட்டச் சொன்னார்கள். பெட்டி செய்து அதில் வைத்து ஆணி அடித்து இறக்கினார்கள், பெட்டியும் நாலு விரற்கடையில் நின்றது. ஊரிலிருந்த இடுப்புக்கல்லையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து அவர் மேல் அடுக்கினார்கள், கல்லோடு சேர்ந்து மிதந்தார். பேண்டுக்காரர்களை ஏற்றிவந்த நகரத்து வண்டிக்காரர் ஒருவர், "எரிச்சிருங்களேன்," என்றார். பங்காளிகள் அடிக்கப் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. மாலை கொண்டுவந்த கட்சிக்காரர்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அவசர வேலை ஞாபகம் வந்தது. உறவுமுறைகள் கார்களில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஊசிலாம்பாளையத்தார் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நின்றார்கள். மேலே கிடக்கிற கிழவரை அவர்கள் பார்க்கவில்லை, ஒவ்வொருத்தரும் தன் காலுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகரத்துக்காரர் ஆன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர்கள் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார்கள்.

மாராத்தாளுக்குச் சாவுச் செய்தி யாரும் சொல்லவில்லை. பேண்டுச் சத்தத்தில் தெரிந்துகொண்டு, கொட்டகையைவிட்டு வராமல் இருந்தாள். அவளைக் கூப்பிடலாம் என்று முதலில் சொன்னது ராக்கியண்ணன்தான், அதுவும் கேலியாக. "உங்கக்கா வாய்க்கு மலையே எறங்கும். ஐயன் எறங்க மாட்டாரா?" எங்கள் பக்கம் அப்பாவை ஐயன் என்றுதான் சொல்வோம். சென்னியப்பன் அவனை முறைத்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான், அவர் முகத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. தன் வீட்டுப் பின்சுவர்ப் பக்கம் மிதந்துபோனான். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னாலேயே போனோம்.

மாராத்தாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான்.

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "இங்க யாரும் இல்லீங்களே. யாரக் கூப்பிடறீங்க?"

"அக்கா, ஐயன் எறங்க மாட்டீங்கறார்."

"உசுரோட இருக்கறப்பவே எறங்குல. இப்ப எறங்குவாரா?"

"ஊரே பாக்குதக்கா. மானம் போவுது."

"மானமா? அது தரையில நடக்கறவங்களுக்கில்ல? உனக்கெதுக்குடா அது?" தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவைத்தாள். வெகுநேரம் எருமையின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு, "வரேன். ஆனா எங்க ஐயன என்ற காட்டுலதான் பொதைக்கோணும். இந்தக் கொட்டாயிக்குப் பக்கத்துல," என்றாள்.

சென்னியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நகரத்து முதல் பெரியவரை, நகரத்துக்கு வெளியே, சாணிக்குழிக்குப் பக்கத்தில்? "அங்கெப்படிக்கா..." என்று இழுத்தான்.

"யாரும் இல்லீன்னு சொன்ன எடத்துல அந்தாளு இருக்கட்டும்டா. இல்லாட்டிப் போ, உன்ற மாடி வீட்டுல தொங்க விட்டுக்க."

தூக்கிக்கொண்டு வந்தோம். கொட்டகைக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். இறக்கினோம், நாலு விரற்கடையில் நின்றார். மாராத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, அப்பாவின் சேர்த்துக் கட்டியிருந்த கால் பெருவிரல்களைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் காலடியில் குந்தி உட்கார்ந்தாள். ஒப்பாரி வைப்பாள் என்று பெண்கள் தலையை விரித்தார்கள். அவள் திட்ட ஆரம்பித்தாள்.

இன்றைக்கும் அந்தத் திட்டை முழுசாகச் சொல்ல எங்களில் ஆள் இல்லை. சத்தம் போடவில்லை. பால் கறக்கும்போது எருமையிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள். நாலாவது படிக்கிறபோது பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்து ஆட்டுக்குட்டிக் கயிற்றைக் கையில் கொடுத்ததைச் சொன்னாள். அவள் வளர்த்த கிடாரியை அவளுக்குத் தெரியாமல் விற்றுத் தம்பிக்கு சைக்கிள் வாங்கியதை, அந்த சைக்கிளை அவளையே துடைக்கச் சொன்னதைச் சொன்னாள். "தாராபுரத்தான் வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி குடும்பம் நடத்தறான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான என்னைய அனுப்புன? அவ என்ற பொட்டியத் தூக்கி வெளிய வெச்சப்ப, அவ முகத்துல இருந்த பாவம்கூட உன்ற முகத்துல இல்லையே ஐயா, நான் திரும்பி வந்து வாசல்ல நின்னப்ப?" என்று கேட்டாள். அப்போதுதான் ராக்கியண்ணன் என் கையைக் கிள்ளினான். கிழவர் இறங்கியிருந்தார். கொஞ்சம்தான், ஒரு நெல்லளவு இருக்கும்.

அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் சாப்பிட்ட தட்டில் ஈ உட்கார்ந்தால் அவளைத் திட்டியதை, காய்ச்சலில் அவள் எழமுடியாமல் கிடந்தபோது எட்டிப் பார்த்து, "எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனதைச் சொன்னாள். "பெரிய மனுசன். டீக்கடையில நின்னுக்கிட்டே டீ குடிக்கற பெரிய மனுசன். உன்ற வேட்டி பின்னால கிழிஞ்சிருந்தது உனக்குத் தெரியுமா? மேல நின்னா ஊரே பாக்கும்ன்னு தெரியுமா? கரட்டூரானுங்க அத்தனை பேரும் பாத்துச் சிரிச்சானுங்க, நான்தான் உள்ள போயி அழுதேன்." அது உண்மை, நாங்கள் சிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் கிழவர் இறங்கினார். மேலே மிதந்து நின்ற அந்த ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டில் யாரெல்லாம் தங்களைப் பற்றி என்னென்ன சொல்ல இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கிய முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் சைக்கிள் பேச்சிலேயே தலையைக் குனிந்துவிட்டவன், நிமிரவில்லை.

"கடைசியா ஒண்ணு," என்றாள். அப்போதுதான் குரல் கொஞ்சம் உடைந்தது. "அளக்க வந்தவங்கிட்ட, அங்க யாரும் இல்லீங்கன்னு சொன்னயே. நான் கூடையோட நிக்கறேன். என்னையப் பாத்துக்கிட்டே சொன்னயே."

கிழவர் ஒரேயடியாக ஒரு விரற்கடை இறங்கினார். எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அதோடு நின்றுவிட்டார். அடிமண்ணுக்கும் அவர் முதுகுக்கும் நடுவே இன்னும் ஒரு விரற்கடை பாக்கி இருந்தது. மாராத்தாள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கால் விரலை விட்டுவிட்டு எழுந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "என்னால இவ்வளவுதான் ஆகும். அந்த ஒரு விரலு அந்தாளோட சொந்த சொத்து. மண்ணத் தள்ளுங்கடா."

தள்ளினோம். இந்தத் தடவை மண் அவர் மேல் தங்கியது.

அதற்குப் பிறகு ஊசிலாம்பாளையத்தார் மாராத்தாளை விடவில்லை. சாவு விழாத வீட்டார்கூட வந்தார்கள். படுக்கையில் கிடக்கும் கிழடுகட்டைகளின் பேரைச் சொல்லி, நேரம் வரும்போது வந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று தேங்காய் பழத்தோடு வந்து நின்றார்கள். "உங்க வீட்டுக் கெழவன எனக்குத் தெரியாது. தெரியாதவனத் திட்டறதுக்கு நானென்ன போலீசா?" என்று விரட்டினாள். "உங்க வீட்டுலயே ஒருத்தி மாட்டுக்கொட்டாய்ல கெடப்பா பாருங்க. அவளக் கூப்பிடுங்க." அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டிலிருப்பவர்கள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா? மாராத்தாளே தேவலாம் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. இவ்வளவு பெரிய சொத்து நகரத்துக்கு வெளியே தரைக்காரர்கள் கணக்கில் கிடக்கலாமா என்று ஒருத்தன் கேட்டான். அது எல்லாருக்கும் நியாயமாகப்பட்டது. சென்னியப்பன் மறுபடி ஆபீஸ் படியேறினான்.

சேர்த்துவிட்டால் அவளும் மேலே ஏறிவிடுவாள், பிறகு அவள் திட்டு யாரை இறக்கும் என்று அந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றியது. நாங்கள் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தத் துண்டு நிலத்தை மட்டும் தனியாகச் சேர்க்க விதியில்லை, சேர்த்தால் கரட்டூரையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

தை மாதம் உத்தரவு வந்தது. ராக்கியண்ணன் கடையில் ஜிலேபி பிழிந்தோம். சென்னியப்பன் எல்லாருக்கும் முன்னால் அக்காவிடம் சொல்லவேண்டும் என்று, புதுச்சேலை ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். "அக்கா, உன்னையும் சேத்தாச்சு. நாளையிலிருந்து நீயும் எங்கள மாதிரிதான்," என்றான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. தான் செய்த பாவத்தைத் திருத்திவிட்டதாகவே அவன் நம்பினான்.

மாராத்தாள் அவனைப் பார்த்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஜிலேபியும் கையுமாக நின்ற எங்களைப் பார்த்தாள். உலகத்தில் எதற்கும் அவளிடம் ஒரு வார்த்தை உண்டு. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எருமைகளை அவிழ்த்தாள். அப்பாவைப் புதைத்த மேட்டைத் தாண்டும்போது நிற்கவில்லை, செருப்பில்லாத காலால் அதன் ஓரத்தில் சரிந்திருந்த மண்ணை ஒதுக்கித் தள்ளிவிட்டு நடந்தாள்.

சென்னியப்பன் தட்டோடு பின்னாலேயே மிதந்து வந்தான். "எங்கக்கா போற? நான் என்ன தப்புச் செஞ்சேன்? ஏதாச்சும் சொல்லிட்டுப் போக்கா." அவள் திரும்பவில்லை. எங்கள் ஊர் நடுத்தெருவில் எல்லார் முன்னாலும் அவன் கத்தினான். "திட்டிட்டாச்சும் போக்கா! ஐயனுக்கு அத்தனை சொன்னயே, எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

எருமைகளுக்குப் பின்னால் அவள் கிழக்கே போய்க்கொண்டே இருந்தாள். நாங்கள் சென்னியப்பனின் காலைப் பார்த்தோம். ஒரு நெல்லளவுகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் காலும் மேலே நின்றது. ஊசிலாம்பாளையத்தார் கும்பலாக வந்து குனிந்து கைவிரல் வைத்து அளந்து பார்த்தார்கள். எங்களுக்கு மூன்று விரற்கடைதான். அவர்கள் சிரித்த சிரிப்பை ஓடைக்கரை மரங்கள் அத்தனையும் கேட்டிருக்கும். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள், ராக்கியண்ணன் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அவனுடைய அம்மா போய்விட்டாள்.

குழிக்குப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, எங்களுக்குத் தெரியும். கிழவியைக் கட்டிலில் கிடத்திவிட்டு, ராக்கியண்ணனும் நானும் ஒரு வேன் பிடித்து மாராத்தாளைத் தேடிக் கிளம்பினோம். சென்னியப்பன் யாரும் கூப்பிடாமலே வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டான். கிழக்கே ஊர் ஊராக நிறுத்தி, எருமைகளோடு ஒரு பொம்பளை இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டோம். நாங்கள் வேனிலிருந்து இறங்கி நின்ற உடனே கூட்டம் கூடிவிடும். எங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் எங்கள் காலில் இருந்தது. ஒரு ஊரில் பெரிய மனுஷர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, "அதெல்லாம் அப்பறம் சொல்றமுங்க. மொதல்ல இதச் சொல்லுங்க, உங்க ஊருக்கு நீங்க யாரப் புடிச்சீங்க?" என்று கேட்டார். சென்னியப்பன் பழைய பழக்கத்தில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். ராக்கியண்ணன் அழ ஆரம்பித்துவிட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில், சாலையோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி எங்கள் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வந்துச்சுங்க அந்தம்மா. எங்க ஊருல தங்கத்தான் பாத்துச்சு. எங்க வீட்டுலகூடத் தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு."

"எங்கம்மா இப்ப?" என்றான் சென்னியப்பன்.

"தங்குலீங்க. எங்க ஊரு ஆம்பளைங்க மந்தையில உக்காந்து பேசிக்கிட்டிருந்தத ஒரு நாழி நின்னு கேட்டுச்சு. அப்பறம் காறித் துப்பிட்டு, இவனுங்களும் ஏறிருவானுங்கன்னு சொல்லிட்டு, எருமைய ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு."

எந்தப் பக்கம் என்று கேட்டோம். அவள் அரிவாளைப் புல்லில் துடைத்துவிட்டுக் கிழக்கே கையைக் காட்டினாள்.